அவன் தொலைஞ்சா போனான், நீ கண்டுபிடிக்க?

ஏலே பேராண்டி, இங்ஙன வா. செருப்ப அங்ஙன கழட்டிப் போட்டுட்டு உக்காரு. ஒரு தாக்கல் வந்துச்சு, நெசமா?

யாருமே பாக்காத லைவ் ஸ்ட்ரீமரையெல்லாம் நீ கண்டுபிடிக்கக் கெளம்பியிருக்கியாம்ல? அதுக்கு ஒரு நோட்டு வேற போட்டுருக்கியாம். பேரு, நேரம், எத்தன பேரு பாக்காங்க, பத்துக்கு எத்தன மார்க்குன்னு கட்டம் கட்டமாக் கோடு இழுத்து வச்சிருக்கியாம். பரிச்சைக்குக்கூட இவ்வளவு கோடு இழுக்கலன்னு ஒங்க அம்மா சொல்லுதா.

ஒண்ணு கேக்கேன். அவன் தொலைஞ்சா போனான், நீ கண்டுபிடிக்க? அவன்பாட்டுக்கு அவன் வீட்டுல, அவன் நாக்காலியில உக்காந்து, அவன் சோலியப் பாத்துக்கிட்டு இருக்கான். நீ நேத்து சாயங்காலம் எட்டிப் பாத்த. பாத்துட்டு, இவன நாந்தான் மொதல்ல கண்டேன்னு சேக்காளிப் பயலுவகிட்டப் பெரும பேசுத. அவனப் பெத்தவ கண்டிருக்க மாட்டாளா?

இதுல இன்னொரு கூத்து. சின்ன ஸ்ட்ரீமரத் தேடுவது எப்படின்னு பாடம் நடத்துத வீடியோவும் வந்துட்டாம். அத எல்லாவனும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கான். பாத்து முடிச்சிட்டு? அடுத்த வீடியோவுக்குப் போறான். சின்ன ஆளு அங்ஙன தனியாத்தான் கெடக்கான். பாடம் நடத்துனவன் மட்டும் பெரிய ஆளாயிட்டான்.

சரி, நான் படிக்காதவன்தான். ஆனா இந்தப் போனுல எனக்கும் ரெண்டு வெவரம் தெரியும். வெவரத்தச் சொல்லுதேன், கேளு.

இண்டர்நெட்டு கேமராவுல ஒலகம் மொத மொத எதப் பாத்துச்சு தெரியுமா? ஒரு காப்பிச் சட்டிய. சிரிக்காத. 1991-ல இங்கிலாந்து நாட்டுல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்ணுத ஆளுக. படிப்புன்னா அப்பிடி ஒரு படிப்பு. ஆனா காப்பிக் கிறுக்கு. சட்டி ஒரு ரூம்புல இருக்கு, ஆளுக வேற வேற மாடியில இருக்காங்க. படி எறங்கி மூச்சு வாங்க வந்து பாத்தா சட்டி காலி. பாத்தாங்க. சட்டிக்கு நேரா ஒரு கேமராவ மாட்டி, அந்தப் படம் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல தெரியுதமாதிரி பண்ணிட்டாங்க. 1993-ல அது இண்டர்நெட்டுக்கும் வந்துட்டு. ஊரு ஒலகமே அந்தச் சட்டியப் பாத்துச்சு. 2001-ல கேமராவ அணைச்சாங்க. அந்த ஒடஞ்ச சட்டிய ஏலம் விட்டா, ஜெர்மனியில ‘ஸ்பீகல்’ பத்திரிகையோட இணையதளத்துக்காரங்க 3,350 பவுண்டு குடுத்து எடுத்தாங்க. நம்ம வீட்டுல ஓட்டைப் பானையப் பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டேங்கான்.

அவங்க ஏம்லே அந்தச் சட்டியப் பாத்தாங்க? காப்பி வேணும், பாத்தாங்க. அவ்வளவுதான். பாக்கதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஒனக்கு என்ன காரணம்? பாக்க ஆளில்லைங்கதுதான் காரணமா? அது ஒரு காரணமா?

இன்னொண்ணும் கேட்டுக்க. 2007-ல அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ பட்டணத்துல ஜஸ்டின் கான்னு ஒரு இளவட்டம். தொப்பியில ஒரு கேமராவ மாட்டிக்கிட்டான். நடக்கது, திங்கது, தூங்கது எல்லாத்தையும் இருவத்திநாலு மணி நேரமும் காட்டுனான். பேப்பர்க்காரன்லாம் ஓடி வந்து படம் புடிச்சான். எத்தன நாளைக்கு? கொஞ்ச மாசத்துல அவனே தொப்பியக் கழட்டி வச்சிட்டான். ஆனா கூட இருந்த பயலுவ வெவரமானவனுவ. யாரு வேணும்னாலும் வந்து லைவ் காட்டுங்கடான்னு கடையத் தொறந்துவிட்டானுவ. அதுல வீடியோ கேம் வெளையாடிக் காட்டுனவன்கிட்டதான் கூட்டம் மொய்ச்சுது. அத மட்டும் தனியாப் பிரிச்சு 2011-ல ட்விட்ச்னு பேரு வச்சாங்க. 2014-ல அமேசான் கம்பெனி 97 கோடி டாலர் குடுத்து அத வாங்கிப் போட்டுட்டான்.

இதுலருந்து என்ன தெரியுது? மனுசன் சும்மா இருக்கதப் பாக்க ஆளு நிக்காது. ஒரு சோலி செய்யுதான்னா நிக்கும். நெல்லு அளக்கையில சுத்தி நின்னு வேடிக்கை பாக்கானா இல்லியா?

அப்ப நல்லாச் சோலி செய்யுதவன் எல்லாவனுக்கும் கூட்டம் சேரணும்லா? ஏன் சேரலன்னு கேப்ப. கேளு, சொல்லுதேன்.

சந்தைக்குப் போயிருக்கேல்லா? வாசல்லயே பெரிய கடை. லைட்டு, மைக்செட்டு, கூட்டம். போறவன் பூராம் அங்ஙனயே நிக்கான். கூட்டத்தப் பாத்து இன்னும் கூட்டம். கடேசி மூலையில ஒரு கெழவி சாக்க விரிச்சு நாலு கட்டுக் கீரை வச்சிருப்பா. கீரை என்னமோ காலையில பறிச்சதுதான். அங்ஙன வரைக்கும் நடக்கதுக்கு யாருக்குக் காலு இருக்கு? ட்விட்ச்சும் ரொம்பக் காலமா அந்தச் சந்தைதான். ஒரு வெளையாட்டத் தொட்டா, அதிகம் பேரு பாக்கவன் மேல, ஒருத்தரும் பாக்காதவன் அடியில. மேல இருக்கவனத்தான் வாறவன் அமுக்குவான். அமுக்க அமுக்க அவன் இன்னும் மேல போவான். அடியில கெடக்கவன் கெட்டிக்காரனா இருந்தாலும் அங்ஙனயே கெடக்க வேண்டியதுதான். இப்ப ஒனக்குப் புடிச்சது இதுதான்னு ட்விட்ச்காரனே எடுத்து நீட்டுத வரிசை ஒண்ணு வச்சிருக்கான். தலைகீழாத் திருப்பிப் பாக்கவும் வழி வச்சிருக்கான். ஆனா திருப்புதது யாரு?

அந்த அடிமட்டத்துல கெடக்கவன் பாட்டக் கேளு. 2017-ல ட்விட்ச் ஒரு சட்டம் கொண்டாந்துச்சு. சின்ன ஸ்ட்ரீமர் நாலு காசு பாக்கணும்னா, அப்ப 50 பேரு அவனப் பின்தொடரணும்னு இருந்துச்சு. ஒரு மாசத்துல ஏழு நாளாவது லைவ் வரணும், 500 நிமிசமாவது காட்டணும்னு இருந்துச்சு. சராசரியா 3 பேரு பாத்துருக்கணும்னும் இருந்துச்சு. மூணே மூணு பேரு! ஒனக்குச் சிரிப்பா இருக்கா? அந்த மூணுக்குத்தான் பயலுவ குட்டிக்கரணம் போட்டானுவ. அம்மா போனுல ஒண்ணு. தங்கச்சி போனுல ஒண்ணு. மூணாவதுக்கு எங்ஙன போவான்? பாட்டிக்குப் போனே கெடையாதே.

சில லைவ்ல ஒரு ஆளு பாக்கதாக் காட்டும். அந்த ஒத்தை ஆளு யாருன்னு நெனைக்க? படம் ஒழுங்காத் தெரியுதான்னு இன்னொரு போனுல தன்னையே பாத்துக்கிட்டு இருக்க அவனாத்தான் இருக்கும்.

ஒன்னைய மாதிரி ஆளுகளுக்குன்னே ஒரு வெப்சைட்டு இருக்கு. ‘நோபடி டாட் லைவ்’. ட்விட்ச்சுல அந்த நேரத்துல ஒருத்தரும் பாக்காம லைவ் ஓட்டிக்கிட்டு இருக்கவன்ல ஒருத்தன எடுத்து ஒம் முன்னால போடும். அமுக்குனா அடுத்தவன். அமுக்குனா அடுத்தவன். ஒரு தடவ பாரு, வேண்டாங்கல. எத்தன பேரு ராத்திரி ரெண்டு மணிக்குத் தன்னந்தனியாப் பேசிக்கிட்டு இருக்கானுவன்னு தெரியும். ஆனா அதையே பொழப்பா வச்சுக்கிடாத. ஒருத்தன் மொகத்த முக்கா நொடி பாத்துட்டு, சீ இவன் வேண்டாம்னு தள்ளுத. அவன் எண்ணிக்கை ஒண்ணாயி, ஏதோ ஆளு வந்துட்டுன்னு நிமுந்து, வணக்கம்னு வாயத் தொறக்கான். நீ அதுக்குள்ள நாலு வீடு தாண்டிட்ட. இதுக்கு நீ போவாமலே இருந்துருக்கலாம்.

அப்ப எப்பிடித் தேட? ஆளு கம்மியா இருக்க எடத்தத் தேடாத. ஒனக்கு வேண்டிய சோலி நடக்க எடத்தத் தேடு. ஒனக்குச் செஸ் புடிக்குமா, செஸ்ஸத் தேடு. மரவேலை புடிக்குமா, மரவேலையத் தேடு. ட்விட்ச்சுல கைவேலைக்குத் தனி இடம் இருக்கு, படம் வரையதுக்கு இருக்கு, பாட்டுக்கு இருக்கு, சாப்ட்வேர் எழுதுதவனுக்கும் இருக்கு. தமிழ்னு குறி போட்டுத் தேடுனா நம்ம பயலுவளும் வாறானுவ. யூடியூப்ல ஒனக்கு வேண்டியத நம்ம எழுத்துலயே எழுதித் தேடு, வடிகட்டுத எடத்துல லைவ்வுன்னு போடு. எல்லாவனும் ஆடுத வெளையாட்டுக்குள்ள போனா ஆயிரம் பேருக்கு நடுவுல முட்டிக்கிட்டு நிக்கணும். யாரும் தொடாத பழைய வெளையாட்டத் தேடு. அங்ஙன ரெண்டே பேரு இருப்பான். ரெண்டு பேரும் அதுல மன்னனா இருப்பான். மன்னனா இல்லாமலா இத்தன வருசம் அதையே ஆடுதான்?

தூரத்துல எதுக்குப் போவ? நம்ம பக்கத்துக் கோயில் கொடைய எடுத்துக்க. கேமராக்காரத் தம்பி ஒருத்தன் முக்காலிய ஊனி வச்சு யூடியூப்ல லைவ் விடுதான். போனுலருந்து நேரா லைவ் போவணும்னா யூடியூப் 50 சப்ஸ்கிரைபர் கேக்கு. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? கொடைக்கு வரி பிரிக்கப் போன வீட்டுலயெல்லாம் ரசீதக் குடுத்த கையோட சப்ஸ்கிரைபும் அமுக்க வச்சிட்டு வந்துட்டான். அது தலை!

அந்தக் கொடைய எத்தன பேரு பாக்கான்? நாப்பது பேரு இருந்தா அதிகம். அந்த நாப்பது பேரும் யாரு? தாராவியில ஒருத்தன், துபாயில ஒருத்தன், லீவு கெடைக்காத பட்டாளத்தான் ஒருத்தன். வில்லுப்பாட்டு நடக்கு. நடுச்சாமத்துல சாமியாட்டம் தொடங்குது. அந்த நேரம் பாத்து சாட்டுல ஒருத்தன் எழுதுதான்: “தம்பி, கேமராவக் கொஞ்சம் வடக்க திருப்பு, எங்க அப்பா நிக்காரு.” தம்பியும் திருப்புதான். அங்ஙன கெழவரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்காரு. லச்சம் பேரு பாக்க லைவ்ல இது நடக்குமா? வடக்க திருப்புன்னா எவன் திருப்புவான்? கபடிப் போட்டி லைவ்வும் அப்பிடித்தான். ஊருக்கு ஊரு விடுதாங்க. ஒங்க தெருப் பய ரெய்டு போறப்ப பேரச் சொல்லிக் கத்துத வர்ணனையாளரு எந்தப் பெரிய சேனல்ல இருக்காரு?

சின்ன எடத்துல லாவம் என்னன்னா, நீ கேட்டா அவன் காதுல விழும். பெரிய லைவ்ல நீ எழுதுனது கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள மேல ஏறிப் போயிரும். அங்ஙன நீ ஒரு எண்ணிக்கை. இங்ஙன நீ ஒரு ஆளு. மோட்டாருக்குக் காயில் கட்டுத தம்பி ஒருத்தன் லைவ்ல நான் கேட்டேன்: “ஏம் தம்பி, எங்க மோட்டார் ஓடையில உறுமுதே, என்னத்துக்கு?” கையில இருந்த சோலியப் போட்டுட்டு வெவரமாச் சொன்னான்லே. ஆயிரம் ரூவா செலவு மிச்சம்.

ஆனா உள்ள போறதுக்கு ஒரு மொறை இருக்கு. அதயும் கேட்டுக்க.

மொதல்ல ஒரு வணக்கம் போடு. போட்டுட்டு உடனே பதிலு வரலன்னு கோவிச்சுக்கிடாத. நீ எழுதுனது அவனுக்குத் தெரிஞ்சு, அவன் பேசுனது ஒனக்குக் கேக்க, சில நேரம் அரை நிமிசம்கூட ஆவும். லைவ்வுன்னு பேருதான், எல்லாம் செத்த பிந்தித்தான் வருது. நீ ரெண்டாந்தடவ வணக்கம் வைக்கதுக்குள்ள அவன் மொத வணக்கத்துக்குக் கும்புடு போடுவான். வெரசாப் பறக்காத.

ரெண்டாவது, ஆளுக்கணக்கச் சொல்லாத. “என்ன அண்ணே, ரெண்டு பேருதான் இருக்கோமா?”ன்னு கேப்பானுவ சில மூதிக. அவனுக்குத் தெரியாதா? அந்த எண்ணு அவன் கண்ணுக்கு நேராத்தான் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போயி பந்தி காலியா இருக்கேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுவியா?

மூணாவது, புத்தி சொல்லாத. மைக்க மாத்து, லைட்ட மாத்து, மூஞ்சியக் காட்டு, டான்ஸ் ஆடுன்னு. ஒன்னைய எவன் கேட்டான்? புத்தி சொல்ல ஆசையா இருந்தா அதுக்குத்தான் கெழவன் நான் இருக்கேன்லா. நீ கேள்வி கேளு. “இந்த எடத்துல ஏன் அந்த ஆணிய அடிக்கல?”ன்னு கேளு. ஒரு நல்ல கேள்விக்கு அவன் அரை மணி நேரம் பேசுவான். அவன் பேசுனா லைவ்வும் நல்லாருக்கும். ஒனக்கும் நாலு தெரியும்.

நாலாவது, ஊரு எது, தெரு எது, வீட்டுல யாரு இருக்காங்கன்னு தோண்டாத. மூணு பேரு இருக்க எடம்னாலும் அது திறந்த எடம்தான். மூணுல ஒருத்தன் யாரோ.

லைவ்ல அவன் ஒம் பேர வாசிச்சதும் ஒனக்கு ஒரு குளுகுளுப்பு வரும். அது ஒங்க காலத்துல பொறந்ததுன்னு நெனைச்சுக்கிடாத. இலங்கை வானொலிக்குப் போஸ்ட்கார்டு போட்டுட்டு, பேரு வருமா வருமான்னு ரேடியோப் பெட்டியில காத வச்சுக்கிட்டு இந்த ஊரே கெடந்துருக்கு. பேரு வந்தவன் ஒரு வாரம் சட்டையில பொத்தான் போடாமத் திரிஞ்சான்.

இப்ப ஸ்ட்ரீமர் பயலுவளுக்கும் ரெண்டு குடுக்கணும். ஒனக்கு மட்டும் குடுத்தா ஓரவஞ்சனைன்னுருவ. நம்ம தெருக்கோடி வீட்டுப் பய லைவ் தொடங்கப் போறேன்னான். சந்தோசம்டான்னேன். மொதல்ல நாக்காலி வாங்குனான். பந்தயக் காருல இருக்கமாதிரி, செவப்பும் கறுப்புமா. பொறவு வட்ட லைட்டு. பொறவு செவுத்துல கலர் கலரா எரியுத பட்டை. பொறவு மைக்கு. மைக்குக்குக் கை. எல்லாம் வாங்கியாச்சு. என்னடா காட்டப் போறன்னா, இன்னும் யோசிக்கலையாம். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இவன் மேடைய நேராக் கட்டிட்டான், ஆட்டத்தத்தான் காணும்.

இன்னும் சில பேரு காசு குடுத்து ஆளு வாங்குதான். உசுருள்ள ஆளு இல்ல, கம்ப்யூட்டர்ல உண்டாக்குன பொய் ஆளு. ஐநூறு பேரு பாக்காங்கன்னு காட்டும், சாட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. இந்தப் பொய்யாள விக்கதுக்கே கடை போட்டவன் மேல 2016-ல ட்விட்ச் அமெரிக்கக் கோர்ட்டுல கேசு போட்டுச்சு. கேசு போட்டும் வியாபாரம் நிக்கல. காசு குடுத்துக் கூட்டம் சேக்கத நாம பாக்காததா? நம்ம ஊருக் கூட்டத்துக்குப் பிரியாணியாவது கெடைக்கும்.

காசுன்னதும் ஞாவகம் வருது. மனசு எளகிப் போயி அள்ளிக் குடுத்துராத. யூடியூப்ல சூப்பர் சாட்டுன்னு நூறு ரூவா போட்டா, அதுல முப்பது கூகுள்காரனுக்கு. பாக்கிதான் அவனுக்கு. ஒருத்தன் தொழில் புடிச்சிருக்கா, அவன் செஞ்ச பொருள விக்கானா, அத வாங்கு. குடுக்க முடியலையா, நாளைக்கும் வா. ஆளு திரும்ப வாறது அவனுக்குக் காசவிடப் பெருசு.

இனி ஒங்கிட்ட வாறேன். ஒன் நோவு எனக்குத் தெரியும்லே. சின்ன ஆளத் தேடுத சில பேருக்கு ஒரு வியாதி உண்டு. அவன் பத்துப் பேரோட இருக்க வரைக்கும் ‘நம்மாளு’. ஆயிரம் பேரு வந்துட்டா ‘அவன் முந்தி மாதிரி இல்ல’. அவன் அப்பிடியேதான் இருக்கான். அதே ஆணி, அதே சுத்தியல். ஒனக்குத்தான் பெரும பேச எடம் போச்சு. நான் அப்பவே பாத்தேன்னு சொல்லுததுக்காக ஒருத்தன் ஆயுசு பூரா அடியிலயே கெடக்கணுமா? அவன் மேல வந்தா நல்லதுதான? நீ பாட்டுக்குப் பின்னால ஒரு மூலையில உக்காந்து பாரு.

இன்னொரு வியாதி, தருமம் பண்ணுதது. “பாவம், யாருமே பாக்கல, நானாவது பாப்போம்.” யாரு கேட்டா ஒன் பாவத்த? ஒன்னயத் திண்ணையில உக்கார வச்சு ஒருத்தன் ‘பாவம், இவன்கூட யாரும் பேச மாட்டாங்க, நான் பேசுதேன்’னா ஒனக்கு எப்பிடி இருக்கும்? அவன் சோலி புடிச்சிருந்தா பாரு. புடிக்கலையா, எந்திரிச்சுப் போ. சின்ன லைவ் எல்லாம் மாணிக்கம்னு எவன் சொன்னான்? பாக்க ஆளில்லாததுல பாதி, பாக்க ஒண்ணும் இல்லாததுதான். ஒருத்தன் ரெண்டு மணி நேரமா மூக்க நோண்டிக்கிட்டு இருந்தான், நானே பாத்தேன். அதப் பாத்து வளத்துவிடணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து?

நோட்டு கீட்டெல்லாம் கிழிச்சுப் போடு. பத்துக்கு எத்தனன்னு மார்க்குப் போட நீ வாத்தியாரு இல்ல. ஒனக்கு வேண்டிய சோலிய நல்லாச் செய்யுத ஒருத்தன், மிஞ்சிப் போனா ரெண்டு பேரு போதும். வாரத்துல ஒருநாள் போ. வணக்கம் போடு. கேள்வி கேளு. கத்துக்க. வா.

கத்துக்கிட்டு வந்தத கையாலயும் செஞ்சு பாக்கணும்லே. யாரும் பாக்காத எடத்துல ஒரு சோலிய ஒழுங்காச் செய்யுதது எப்பிடின்னு மணிக்கணக்கா அடுத்தவனப் பாத்துக்கிட்டு இருக்கேல்லா? தோட்டத்து மோட்டார் ரூம்புல ஃப்யூசு போயிக் கெடக்கு. வாழை வாடுது. எந்திரி, போயி மாட்டு.

ஏல, நில்லு. போன இங்ஙன வச்சிட்டுப் போ. லைவ் போடாம மாட்டு.